ஒன்பதாவது மார்க்கும் காலேஜுக்குப் போகுதுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

வருஷா வருஷம் மே மாசம் வந்தா உங்க பேப்பர்ல ப்ளஸ் டூ ரிசல்ட், கட்-ஆஃப், எந்த குரூப் எடுத்தா என்ன படிக்கலாம்னு பக்கம் பக்கமா போடுறீங்க, நானும் அந்தப் பக்கங்கள வெட்டி வச்சு பாத்துதான் ஒரு காலத்துல காலேஜ் சேர்ந்தேன். இப்போ குடும்பத்தோட கலிபோர்னியால இருக்கோம், எட்டு வருஷம் ஆச்சு. ஊர்ல மாமனார் இன்னும் உங்க பேப்பர்தான் வாசிக்கிறார், வாரத்துக்கு ரெண்டு தடவை போன்ல பேசும்போது என்ன செய்தின்னு சொல்லுவார். அவரை மாதிரி பேரப்பிள்ளைங்க அமெரிக்கால படிக்கிற தாத்தா பாட்டிங்க உங்க வாசகர்கள்ல நிறைய பேர் இருப்பாங்க, அதுபோக விசா வந்து கிளம்பப் போற குடும்பங்களும் இருக்கும், அங்க ஒன்பதாவதுல இருந்தே காலேஜுக்கு யோசிக்கணும்கிறத அவங்களுக்குச் சொல்லத்தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் போடுங்க.

நாங்க வரும்போது பெரியவன் எட்டாவது முடிச்சிருந்தான், சின்னவ மூணாவது போகணும். இங்க வந்து பெரியவனை ஒன்பதாவதுல சேர்த்தோம். என் மனசுலயும் எங்க வீட்டுக்காரர் மனசுலயும் ஓடுனது ஒண்ணுதான், புது ஊரு புது ஸ்கூலு, ஒன்பதாவதுதானே, பையன் செட் ஆகட்டும், பத்தாவதுல கவனிச்சுக்கலாம், ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூல முழு மூச்சா இறங்கிடலாம்னு. ஊர்ல அப்படித்தானே, ஒன்பதாவது மார்க்க யாரு கேட்டா? மாமனாரும் அதையேதான் போன்ல சொன்னாரு, பப்ளிக் எக்ஸாம் வரட்டும்மா, அப்போ பாத்துக்கலாம்னு.

இங்க பப்ளிக் எக்ஸாம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்க. இது ஒண்ணு புரியாமத்தான் நாங்க ரெண்டு வருஷத்த விட்டோம்.

ஹைஸ்கூல்ங்கிறது ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்துல எடுத்த ஒவ்வொரு பாடம், ஒவ்வொரு செமஸ்டர் கிரேடு, எல்லாம் டிரான்ஸ்கிரிப்ட்னு ஒரே தாள்ல ஏறிடும், காலேஜுக்கு அப்ளை பண்ணும்போது அந்தத் தாள்தான் போகும். அந்த கிரேடும் கடைசிப் பரிட்சைல வர்றதில்ல. ஹோம்வொர்க், கிளாஸ்ல வைக்கிற குட்டி குட்டி குவிஸ், ப்ராஜெக்ட், லேப், எல்லாத்துக்கும் சேத்து கணக்கு போடுவாங்க, கடைசிப் பரிட்சை அதுல ஒரு சின்னப் பங்குதான். எங்க பையன் ஊர் பழக்கத்துல ஹோம்வொர்க்க கண்டுக்கல, பரிட்சைல வாங்கிடலாம்னு இருந்தான். இங்க கொடுக்கலைன்னா ஜீரோ. பரிட்சைல 90 வாங்குனவன் இங்கிலீஷ்ல ரெண்டாவது செமஸ்டர்ல டி கிரேடு (ஏ, பி, சி, டின்னு இறங்கிட்டே வரும்) வாங்கிட்டு வந்து நிக்கிறான், பயாலஜில சி. கிரேடு எல்லாம் ஆன்லைன்ல வாரா வாரம் ஏறும், பேரண்ட்ஸுக்கு தனி லாகின் கொடுத்திருந்தாங்க, எனக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே ஏப்ரல் மாசம்தான் தெரியும், அதுவும் பக்கத்து வீட்டு அம்மா சொல்லி. சேர்ந்த அன்னிக்கு கொடுத்த பேப்பர் கட்டுல அது இருந்திருக்கு. இப்போ புதுசா வர்ற எந்தக் குடும்பத்தப் பாத்தாலும் நான் முதல்ல கேக்குறது லாகின் போட்டீங்களான்னுதான்.

கலிபோர்னியாவுல யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா, யூசின்னு சொல்லுவோம், அங்க சேரணும்னா ஏ-ஜின்னு ஒரு பாடப் பட்டியல் இருக்கு, மொத்தம் 15 பாடங்கள், ஒவ்வொண்ணும் ஒரு வருஷம் ஓடும். இங்கிலீஷ் 4 வருஷம், மேத்ஸ் 3, சயின்ஸ் 2, ஹிஸ்டரி 2, இங்கிலீஷ் தவிர வேற ஒரு மொழி 2, ஓவியமோ மியூசிக்கோ நாடகமோ மாதிரி கலைப் பாடம் 1, பிறகு விருப்பப் பாடம் 1. மேத்ஸ் 4, சயின்ஸ் 3, மொழி 3 இருந்தா நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க. இதுல 11 பாடம் பன்னெண்டாவது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், ஒவ்வொண்ணுலயும் சி கிரேடுக்குக் குறையக்கூடாது. டி வாங்குனா அந்த செமஸ்டர் கணக்குல வராது. அதனால அந்த லீவு முழுக்க பையன் சம்மர் ஸ்கூல் போயி இங்கிலீஷ திரும்ப படிச்சான். ஒண்ணு நியாயமா சொல்லணும், யூசி ஜிபிஏ கணக்குக்கு, அதாவது கிரேடு சராசரிக்கு, பத்தாவது பதினொண்ணாவது கிரேடுகளத்தான் எடுக்கும், ஒன்பதாவதுல பாடத்த முடிச்சிருந்தா போதும். ஆனா அதை நம்பி ஒன்பதாவதுல அலட்சியமா இருக்க முடியாது, நிறைய காலேஜ் நாலு வருஷத்தையும் பாக்குது. டெக்சாஸ்ல 1997ல போட்ட ஒரு சட்டப்படி ஸ்கூல்ல முதல் 10 பர்சென்ட்டுக்குள்ள வர்ற பிள்ளைக்கு அரசு யூனிவர்சிட்டிகள்ல இடம் உறுதி (ஆஸ்டின் ஊர்ல இருக்குற யூனிவர்சிட்டி மட்டும் அதைவிடக் கடுமை, அங்க 10 பர்சென்ட் பத்தாது), அந்த ரேங்க் ஒன்பதாவதுல இருந்தே ஏற ஆரம்பிச்சிடும். அங்க இருக்குற என் ஃப்ரெண்டு பொண்ணுக்கு பதினொண்ணாவதுல ரொம்ப நல்ல மார்க், ஆனாலும் ஒன்பதாவதுல விட்டத அவளால முழுசா பிடிக்க முடியல.

அடுத்தது மேத்ஸ், இதுலதான் எங்களுக்கு அடி பலமா விழுந்துச்சு. ஊர்ல மேத்ஸ்னா ஒரே புக்கு, அல்ஜிப்ராவும் ஜியாமெட்ரியும் கலந்து வரும். இங்க நிறைய ஸ்கூல்ல அது ஏணிப்படி மாதிரி, அல்ஜிப்ரா ஒன், ஜியாமெட்ரி, அல்ஜிப்ரா டூ, ப்ரீகால்குலஸ், அப்புறம்தான் கால்குலஸ் (சில ஸ்கூல்ல எல்லாம் கலந்து இன்டக்ரேட்டட்னு வைப்பாங்க, அங்கயும் படிக்கட்டுதான்). விரல் விட்டு எண்ணிப் பாருங்க, ஒன்பதாவதுல அல்ஜிப்ரா ஒன்ல ஆரம்பிச்சா பன்னெண்டாவதுல ப்ரீகால்குலஸ்ல நிக்கிறீங்க. இஞ்சினியரிங் போகணும்னு நெனக்கிற பிள்ளைக்கு கால்குலஸ் இல்லாம அப்ளிகேஷன் போட்டா, கால்குலஸ் முடிச்ச பிள்ளைங்க பக்கத்துல நிக்கிறது கஷ்டம். இங்க பிறந்து வளர்ந்த பிள்ளைங்க நிறைய பேர் ஏழாவது எட்டாவதுலயே அல்ஜிப்ரா ஒன் முடிச்சுட்டு வர்றாங்க, அந்த ரூட்டு பெரும்பாலும் ஆறாவது ஏழாவதுலயே ஸ்கூல்ல வைக்கிற ஒரு டெஸ்ட்ட வச்சு முடிவாயிடுது. எங்க பையனுக்கு ஊர்லயே அல்ஜிப்ரா நல்லா வரும், ஆனா ஸ்கூல்ல அவன் வயசப் பாத்து அல்ஜிப்ரா ஒன்ல போட்டாங்க, நாங்களும் சரின்னு தலையாட்டிட்டோம். பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைங்கன்னு கேட்டிருக்கலாம், லீவுல ஜியாமெட்ரிய முடிச்சிருக்கலாம், இல்ல பத்தாவதுல ஜியாமெட்ரியும் அல்ஜிப்ரா டூவும் சேத்தே எடுத்திருக்கலாம். கேட்டா செய்வாங்கன்னே தெரியாதுங்க. ஸ்கூல் சொன்னா சொன்னதுதான்னு வளர்ந்தவங்க நாம, இங்க போயி கேக்கணும், மெயில் போடணும், பதில் வரலைன்னா மறுபடி போடணும்.

கவுன்சலர்னு ஒருத்தர் இருப்பாங்க, பாடம் எடுக்க வழி சொல்றவங்க அவங்கதான். ஊர்ல கவுன்சிலிங்னா சீட்டு அலாட்மென்ட், இங்க அதுக்கு அர்த்தமே வேற. ஒரு கவுன்சலருக்கு 250 பிள்ளைங்கதான் இருக்கணும்னு அவங்க சங்கமே சொல்லுது, ஆனா பெரும்பாலான ஸ்கூல்ல அதுக்கு மேலதான். எங்க பையனோட கவுன்சலர் ரொம்ப நல்லவங்க, பாவம் அவங்களுக்கு இவன் முகம் ஞாபகம் வர்றதுக்கே ஒரு வருஷம் ஆச்சு. அவங்க தானா கூப்பிட்டு சொல்லுவாங்கன்னு காத்திருக்காதீங்க. ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள அடுத்த வருஷத்துக்கு என்னென்ன பாடம்னு ஒரு ஃபார்ம் பிள்ளை கையில கொடுத்து விடுவாங்க, நிறைய வீட்டுல பிள்ளையே டிக் அடிச்சு கொடுத்துடுது, அப்பா அம்மா கண்ணுலயே படறதில்ல. அந்த ஒரு ஃபார்ம்தாங்க நம்ம ஊரு ப்ளஸ் ஒன் குரூப் செலக்‌ஷன். ஊர்ல அது வாழ்க்கைல ஒரு தடவை, குடும்பமே உக்காந்து பேசுவோம், மாமா சித்தப்பா எல்லாரையும் கேப்போம், இங்க வருஷா வருஷம் வருது, ஒரு கையெழுத்துல முடிஞ்சிடுது.

பையன் கடைசில என்ன ஆனான்னு கேப்பீங்க. பன்னெண்டாவது முடிக்கும்போது ப்ரீகால்குலஸ்தான் கையில. நினைச்ச இடம் எதுவும் கிடைக்கல, அன்னிக்கு ராத்திரி வீட்ல யாரும் சாப்பிடல. அப்புறம் கம்யூனிட்டி காலேஜ்னு உள்ளூர்ல இருக்குற ரெண்டு வருஷ காலேஜ்ல சேர்ந்தான். நம்ம சொந்தபந்தத்துல அதை கேவலமா பேசுறாங்க, அது ரொம்பத் தப்புங்க. அங்க ரெண்டு வருஷம் கால்குலஸ் எல்லாம் ஒழுங்கா முடிச்சு யூசிக்கு மாறினான், இந்த ஜூன்ல டிகிரி வாங்கிட்டான். அவன் கையில இருக்குறது நேரா சேர்ந்த பிள்ளைக்குக் கொடுக்குற அதே டிகிரிதான், செலவும் கம்மி. யூசி கேம்பஸ்கள்ல ஆறு இடம் கம்யூனிட்டி காலேஜ் பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே உறுதி கொடுக்குற திட்டமே வச்சிருக்கு, டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ். இந்த வழிய நாங்க யோசிச்சு எடுக்கல, வேற வழி இல்லாமப் போனோம். ஆனா ஒன்பதாவதுலயே தெரிஞ்சிருந்தா அந்தப் பையன் நாலு வருஷம் தன்னையே மக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டான், அதுதான் எனக்கு இன்னைக்கும் வலிக்குது.

சின்னவளுக்கு அப்படி விடல. அவ எட்டாவது படிக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை நாலு பேரும் உக்காந்து ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல நாலு கட்டம் போட்டோம், ஒன்பது பத்து பதினொண்ணு பன்னெண்டு. ஸ்கூல் வெப்சைட்ல பாடங்களோட கேட்டலாக் இருக்கும், எந்தப் பாடத்துக்கு முன்னாடி எது முடிச்சிருக்கணும்னு அதுல போட்டிருப்பாங்க. பெரியவன்தான் பக்கத்துல உக்காந்து தங்கச்சிக்கு பின்னாடி இருந்து முன்னாடி எழுதிக் கொடுத்தான், பன்னெண்டாவதுல எங்க போய் நிக்கணும்னு முதல்ல எழுது, அப்புறம் அதுக்கு முந்தின வருஷம் என்ன வேணும்னு கீழ இறங்குன்னு. பென்சில்லதான் எழுதினோம். அவளுக்கு பயாலஜி புடிக்கும்னு நெனச்சு போட்டோம், பத்தாவதுல கெமிஸ்ட்ரி புடிச்சுப் போச்சு, அழிச்சு மாத்திட்டா. இப்போ பதினொண்ணாவது படிக்கிறா, அந்த சார்ட் இன்னும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும், பிளான் பண்றோம்னு சொல்லி பிள்ளைங்கள பிழிஞ்செடுக்குற நம்மாளுங்களும் இங்க நிறைய. ஏபின்னு காலேஜ் லெவல் பாடங்கள் இருக்கு, மே மாசம் பரிட்சை, 1ல இருந்து 5 வரைக்கும் மார்க், 3ஓ அதுக்கு மேலயோ வாங்குனா நிறைய காலேஜ்ல கிரெடிட் கொடுக்கும், அதாவது அந்தப் பாடத்த அங்க முடிச்சதா எடுத்துக்கும், சில இடத்துல 4, 5 கேப்பாங்க. உடனே அடுத்த வீட்டுப் பிள்ளை எட்டு ஏபின்னா நம்ம பிள்ளை பத்துன்னு போட்டி. யூசி ஜிபிஏல ஏபி மாதிரி பாடத்துக்குக் கொடுக்குற எக்ஸ்ட்ரா பாயின்ட்டே எட்டு செமஸ்டர் பாடங்களுக்குத்தான் சேத்துக்குவாங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு, புடிக்காத பாடத்த புடிச்சுக்கிட்டு, ஒரு பிள்ளை கிளாஸ்லயே மயங்கி விழுந்தது எனக்குத் தெரியும். சின்னவ பத்தாவதுல ஒரே ஒரு ஏபிதான் எடுத்தா, இந்த வருஷம் மூணு, அதுக்கு மேல வேண்டாம்னு நான்தான் சொன்னேன். வாரத்துல ரெண்டு நாள் லைப்ரரில சின்னப் பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டப் போறா, அதை எந்த ஃபார்முக்காகவும் அவ ஆரம்பிக்கல, ஆறாவதுல இருந்து போயிட்டிருக்கா. காமன் ஆப்னு ஒரே அப்ளிகேஷன், அதை வச்சு ஆயிரத்துக்கு மேல காலேஜுக்குப் போடலாம், அதுல ஆக்டிவிட்டி எழுத பத்து இடம் இருக்கும், பத்தையும் ரொப்பணும்னு யாரும் சொல்லல, ஒண்ணு ரெண்ட பல வருஷம் மனசு வச்சு செஞ்சா அதுவே பேசும்.

எஸ்ஏடின்னு காலேஜ் அட்மிஷனுக்கு எழுதுற டெஸ்ட் பத்தி எல்லாரும் கேப்பாங்க. யூசில அதை இப்போ பாக்குறதே இல்ல. எம்ஐடி (சென்னைல இருக்குறது இல்ல, இங்க இருக்குறது) 2022லயே திரும்ப வேணும்னு சொல்லிடுச்சு, 2024ல டார்ட்மவுத், யேல், ஹார்வர்டுன்னு வரிசையா பல இடம் டெஸ்ட் ஸ்கோர் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பதினொண்ணாவதுல ரெண்டு தடவை எழுதினா போதும், எட்டாவதுல இருந்து கோச்சிங் எல்லாம் தேவையில்லாத செலவு.

மொழிப் பாடத்துக்கு வர்றேன், இதுல நம்ம ஆளுங்க ஒரு நல்ல வாய்ப்ப கவனிக்காம விடுறாங்க. கலிபோர்னியால ஹைஸ்கூல் முடிக்கும்போது ரெண்டு மொழி நல்லாத் தெரிஞ்ச பிள்ளைக்கு டிப்ளமோல, அதாவது ஹைஸ்கூல் முடிச்ச சர்டிஃபிகேட்ல, ஒரு முத்திரை குத்திக் கொடுப்பாங்க, 2012ல இருந்து இருக்கு, அப்புறம் மத்த மாநிலங்களும் எடுத்துக்கிச்சு. தமிழையும் அதுக்குக் காட்டலாம், தமிழுக்கு ஆன்லைன் டெஸ்ட் இருக்கு. சில ஊர்ல சனி ஞாயிறு நடக்குற தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கே ஹைஸ்கூல் கிரெடிட் கொடுக்குறாங்க, உங்க ஸ்கூல் மாவட்டத்துல உண்டான்னு ஒன்பதாவதுக்கு முன்னாடியே கேளுங்க. ஊர்ல இருந்து வர்ற பிள்ளைங்க தமிழ்ல வாங்குன மார்க் ஷீட்டையும் சேத்து கொண்டு வாங்க. ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது மார்க் ஷீட்டு, சிலபஸ் காப்பி, எல்லாத்துலயும் ஸ்கூல் சீல் வாங்கிட்டு வந்தா இங்க கவுன்சலர்கிட்ட வச்சுப் பேச முடியும். நாங்க டிசி ஒண்ணு மட்டும்தான் கொண்டு வந்தோம்.

பணம். இதைப் பத்தி வீட்ல யாரும் பேசுறதே இல்ல, பன்னெண்டாவதுல லெட்டர் வந்ததும்தான் பேசுறாங்க. ஃபாஃப்ஸான்னு அமெரிக்க மத்திய அரசோட படிப்பு உதவிக்கு ஒரு ஃபார்ம், வழக்கமா அக்டோபர் 1 திறக்கும். அதுல கேக்குறது ரெண்டு வருஷம் முந்தைய வருமானம், அதாவது 2027 ஆகஸ்ட்ல காலேஜ் போற பிள்ளைக்கு 2025 டாக்ஸ். கணக்குப் பண்ணிப் பாத்தா பிள்ளை பத்தாவதுல பாதி தாண்டும்போதே அந்த வருஷம் ஆரம்பிச்சிடுது. அந்த வருஷம் ஷேர் வித்தது, ஊர்ல நிலம் வித்த லாபம், எல்லாம் கணக்குல வந்து நிக்கும். இன்னொண்ணு, சிட்டிசனோ கிரீன் கார்டோ இருந்தாத்தான் அந்த உதவி, ஹெச்-4 விசால, அதாவது வேலை விசால வந்தவங்களோட குடும்பத்துக்குக் கொடுக்குற விசால, இருக்குற நம்ம பிள்ளைங்களுக்கு அது கிடையாது, சம்பளத்துக்கு வேலையும் பாக்க முடியாது, 21 வயசானா அந்த விசாவும் முடிஞ்சிடும். இத பன்னெண்டாவதுல வந்து தெரிஞ்சுக்கிட்டு அழுத குடும்பத்த நான் நேர்ல பாத்திருக்கேன், பிள்ளைக்கு இடம் கிடைச்சிருக்கு, கட்ட வழி இல்ல. பல மாநிலங்கள்ல ஹெச்-4 பிள்ளைங்களுக்கும் உள்ளூர் ஃபீஸ், அதாவது அந்த மாநிலத்துக்காரங்களுக்குப் போடுற குறைஞ்ச ஃபீஸ், கிடைக்கும், ஆனா வழக்கமா ஒரு வருஷமாவது அங்க குடியிருந்திருக்கணும், அதனால வேலை மாத்தி வேற மாநிலம் போறதா இருந்தா பிள்ளை என்ன படிக்குதுன்னு பாத்துட்டு முடிவெடுங்க. ஒவ்வொரு காலேஜ் வெப்சைட்லயும் நமக்கு உண்மைல எவ்வளவு செலவாகும்னு போட்டுப் பாக்குற கால்குலேட்டர் ஒண்ணு இருக்கும், 2011ல இருந்து அது வச்சே ஆகணும்னு சட்டம், பத்தாவதுலயே ஒரு சாயங்காலம் உக்காந்து நாலஞ்சு காலேஜுக்குப் போட்டுப் பாருங்க. அது பெரும்பாலும் சிட்டிசன், கிரீன் கார்டு பிள்ளைங்கள மனசுல வச்சு செஞ்சது, ஹெச்-4 பிள்ளைன்னா காலேஜுக்கு மெயில் போட்டே கேட்டுக்கணும்.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட கேக்குறது இதுதான். மே மாசம் ப்ளஸ் டூ பக்கம் போடுற மாதிரி வருஷத்துக்கு ஒரு தடவை வெளிநாடு போற குடும்பங்களுக்கு, எட்டாவது ஒன்பதாவது பிள்ளைங்களோட போறவங்களுக்கு, ஒரு பக்கம் ஒதுக்குங்க. அங்க ஸ்கூல் எப்படி, என்னென்ன பேப்பர் கொண்டு போகணும், எந்த மாசம் எதைக் கேக்கணும்னு, இதெல்லாம் அனுபவப்பட்ட குடும்பங்ககிட்டயே கேட்டுப் போடலாம், நான் உக்காந்து எழுதித் தரவும் தயார். டிசம்பர் கடைசில வந்தா ரொம்ப நல்லது, ஜனவரில அந்தப் பாடத் தேர்வு ஃபார்ம் பிள்ளைங்க பைக்குள்ள வந்துடும். இங்க இருக்குற அப்பா அம்மாவுக்கு பேப்பர் படிக்க நேரமில்லைன்னாலும் ஊர்ல இருக்குற தாத்தா படிச்சுட்டு போன்ல கேப்பார், பையில ஒரு ஃபார்ம் வந்திருக்காமே, பாத்தியான்னு.

இப்படிக்கு,
ரெண்டு பிள்ளைங்களோட அம்மா,
கலிபோர்னியா